லண்டனில் முதல் வருடம்: ஹாலா, ஈஸ்ட் ஹாமா, ஒரம்பரை (சொந்தக்காரர்) வீடா?

ஜூன், ஜூலை ஆனால் ஈரோடு, கோபி, திருப்பூர்ப் பக்கமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். லண்டனில் படித்துவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பியவன் என்பதால் என் நம்பர் கை மாறிக்கொண்டே இருக்கிறது. "பையனுக்கு செப்டம்பர்ல லண்டனுங்க. யுனிவர்சிட்டி ஹால், அதானுங்க ஹாஸ்டல், வாரத்துக்கு 250 பவுண்டுங்கறாங்க. ஈஸ்ட் ஹாம்ல பாதிக்கே கிடைக்குமாமுங்க, நெசந்தானுங்களா?" கேட்பது பெரும்பாலும் அப்பா. தோட்டத்துப் பத்திரம் பேங்கில் இருக்கும்போது அவர் வாடகையில் தொடங்குவது நியாயம்தான்.

கிழக்கு லண்டனில் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் கிடைக்கும். ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாதி அறை. மறு கட்டிலில் இன்னொருவர் படுத்திருப்பார்.

லண்டனில் வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். 250-ஐ நாலால் பெருக்கி ஆயிரம் என்று நினைத்துக்கொள்கிறோம். வருடத்துக்கு 52 வாரம், ஆக மாதத்துக்கு 1,083 பவுண்டு. ஹாலில் கரண்ட், ஹீட்டர், வைஃபை பொதுவாக இதற்குள் அடக்கம். வெளி வீட்டில் பல இடங்களில் தனி. நவம்பர் கடைசியில் நாலு மணிக்கே இருட்டி, ஹீட்டர் ஓடத் தொடங்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். சில பழைய வீடுகளில் பிரீபெய்டு மீட்டர் இருக்கும். காசு தீர்ந்தால், அடுத்த டாப்-அப் யார் முறை என்ற பஞ்சாயத்து முடியும் வரை வீடு குளிரில் கிடக்கும்.

ஹாலின் பெரிய வசதி முகவரி. பேங்க் கணக்கு தொடங்க யுனிவர்சிட்டி தரும் கடிதத்தில் அது சிக்கலில்லாமல் வந்துவிடும். தொல்லை அடுப்படி. ஆறேழு பேருக்கு ஒன்று. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வரமிளகாயைக் கிள்ளிப்போட்டுத் தாளிக்கும்போது கதவு திறந்திருந்தால் தீர்ந்தது. புகை நடைக்குப் போய் அலாரம் அலறும். மொத்தக் கட்டடமும் படியிறங்கி, போர்வையோடு வாசலில் நின்று உங்களைப் பார்க்கும். அப்புறம் ஒப்பந்தம். 40 வாரம், 51 வாரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் நடுவில் கிளம்புவது லேசில்லை. பதிலுக்கு ஒரு ஆளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். தனியார் மாணவர் குடியிருப்புகளும் உண்டு. பளபளப்பு கூட, விலையும் கூட. அந்த நாட்டிலேயே ஒரு ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். லோனில் போகிறவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

ஈஸ்ட் ஹாமின் கதை வேறு. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் இட்லி மாவிலிருந்து கறிவேப்பிலை வரை கிடைக்கும், பெரும்பாலும் இலங்கைத் தமிழர் கடைகளில். பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது. காலேஜ் மைல் எண்டில் என்றால் டிஸ்ட்ரிக்ட் லைன் மெட்ரோ ரயிலில் நேராகப் போய் இறங்கலாம். ப்ரூனல் யுனிவர்சிட்டி என்றால் அது மேற்குக் கோடியில் அக்ஸ்பிரிட்ஜில். தினமும் ஊரைக் குறுக்கே கடந்தால் மிச்சம் பிடித்த வாடகை டிக்கெட்டில் போய்விடும். பஸ், ரயிலுக்கான மாணவர் ஆய்ஸ்டர் கார்டின் 30 சதவீதத் தள்ளுபடி வார, மாத பாஸ்களுக்குத்தான், ஒவ்வொரு தடவையும் தட்டிப் போகும் கட்டணத்துக்கு இல்லை.

அங்கே வீடு பார்க்கும்போது ஒரு டேப் எடுத்துப் போகச் சொல்வேன். லைசென்ஸ் உள்ள பகிர்வு வீட்டில் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், இருவருக்கு 10.22 இருக்க வேண்டும். 6.51 என்பது ஏழடிக்குப் பத்தடி, நம் தோட்டத்து மோட்டார் ரூம் அளவு. அதில் இரண்டு கட்டில் கிடந்தால் வீட்டுக்காரர் மற்ற விதிகளை எப்படி மதிப்பார் என்று புரிந்துகொள்ளலாம். டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது; வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் போட வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால், திட்டத்தில் போட வேண்டும் என்ற இந்தக் கட்டாயம் கிடையாது. விசாவை ஆன்லைனில் சரிபார்க்க உதவும் ஷேர் கோட் என்ற எண்ணைக் கேட்காமலே சாவி தருகிறார் என்றால் நல்ல மனுசன் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு முகவரிச் சான்று கேட்டால் அவரிடமிருந்து வராது. கவுன்சில் வரி, அதாவது அங்கத்து வீட்டு வரி, அதையும் கேட்டுவிடுங்கள். எல்லாரும் முழுநேர மாணவர் என்றால் விலக்கு உண்டு, வேலைக்குப் போகிறவர் ஒருவர் கலந்தாலும் பில் வரலாம்.

பகிர்வு வீட்டில் யோசனைக்கும் பஞ்சமில்லை. எந்தக் கடையில் அரிசி மலிவு என்று சொல்பவரேதான், "டெலிவரி அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓட்டு தம்பி, யாரும் கேக்க மாட்டாங்க" என்றும் சொல்வார். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, டெலிவரி பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். டிகிரிப் படிப்பு என்றால் பாட நாட்களில் திங்கள் முதல் ஞாயிறு வரை மொத்தம் 20 மணி நேர வேலை, அவ்வளவுதான். விசா போனால் பத்திரத்தையும் மீட்க முடியாது.

ஒரம்பரை வீட்டுக்கு வருவோம். ஹாரோவில் அத்தை, ஸ்லவ்வில் சித்தப்பா என்று யாராவது இருப்பார்கள். இறங்கியதும் சுடுசோறு, ஒரு நல்ல குளிர்ச் சட்டை, பஸ் ஏறக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள். இதைவிட நல்ல தொடக்கம் இல்லை, இரண்டு வாரத்துக்கு. அதற்குமேல் லைப்ரரியில் ராத்திரி பதினொன்று வரை உட்கார முடியாது. அத்தை சாப்பிடாமல் காத்திருப்பார். "காசெல்லாம் எதுக்குக் கண்ணு" என்று மாமா சொன்னாலும், மூன்றாம் மாதம் அந்தக் கணக்கு கோபியில் ஒரு கல்யாண வீட்டில் வேறு ரூபத்தில் வெளியே வரும்.

பி.இ. முடித்த கையோடு, முதல் தடவை வீட்டை விட்டுப் போகிற பிள்ளை என்றால் என் ஓட்டு ஹாலுக்கு. நாலு வருடம் பெங்களூரில் வேலை பார்த்து, ரூம்மேட் சண்டை எல்லாம் பார்த்தவர் என்றால் ஈஸ்ட் ஹாம் சரி. ஆனால் இங்கிருந்து வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பக் கூடாது. கூடப் படிக்கப் போகும் மூன்று நாலு பேரை முன்கூட்டியே பேசிச் சேர்த்துக்கொண்டு, செப்டம்பர் முதல் வாரமே இறங்கி, ஒரம்பரை வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். கட்டிலை இழுத்து, பின்னால் சுவரில் கருப்புப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டெபாசிட்.