சாம்ப்ராஸா, அகாஸியா?

டென்னிஸில் யார் பெரியவர் என்பதற்கு எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் சாம்ப்ராஸ்தான்: 14 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், 1993 முதல் 1998 வரை ஆறு ஆண்டும் ஆண்டிறுதி நம்பர் 1. அகாஸிக்கு 8தான், ஆனால் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் வென்ற பட்டம் அதில் உண்டு. சாம்ப்ராஸ் பிரெஞ்சு ஓப்பனில் 1996 அரையிறுதியைத் தாண்டவில்லை. அங்கே தரை செம்மண்; அதில் சர்வீஸின் வேகம் குறையும். முன்னோக்கிச் சுழலும் டாப்ஸ்பின் பந்து தோளுயரம் எழும்பும். சாம்ப்ராஸின் ஒற்றைக்கை பேக்ஹேண்டுக்கு (புறங்கை அடி) அது தலைவலி. போதாததற்கு 85 சதுர அங்குலச் சின்ன மட்டை வேறு, நடுவில் படாவிட்டால் பந்து எங்கோ போகும்! அகாஸியோ இரட்டைக்கை; பந்து எழும்பும்போதே அடித்துவிடுவார்.

2001 யுஎஸ் ஓப்பன் காலிறுதி: நான்கு செட்டும் டைபிரேக்கர் (6-6 ஆனபின் செட்டை முடிக்கும் ஆட்டம்), இருவரும் தம் சர்வீஸ் கேம் ஒன்றைக்கூட இழக்கவில்லை. வென்றவர் சாம்ப்ராஸ். நேருக்கு நேர் கணக்கும் 20-14 என அவர் பக்கமே. ஆனால் 1997இல் தரவரிசையில் 141ஆம் இடத்துக்குச் சரிந்து, சேலஞ்சர் எனும் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடி, 1999இல் பிரெஞ்சு ஓப்பனை வென்ற அகாஸியின் பயணமே எங்களுக்கு அபூர்வம்.