பஞ்சாப் சாமிக்கு ஃபிரேம் போட்ட கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் படம் கொடுத்த ஃபிரேம் கடையைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணாடி, மரச்சட்டம், கூலி எல்லாம் சேர்த்து 45 வெள்ளி. ஐந்து நாளில் தருவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் ஆனது.

படம் பாட்டியுடையது. தோட்டத்து லயத்தில் முருகனுக்கும் மாரியம்மாவுக்கும் நடுவில் தொங்கியது. காவி உடை, தலைப்பாகை, தாடி. பாட்டிக்கு அவர் 'பஞ்சாப் சாமி'. மூன்று பேருக்கும் ஒரே ஊதுபத்திதான்.

வாங்கப் போனால், சட்டத்தின் உச்சியில் பித்தளை 'ஓம்' ஒட்டியிருக்கிறது. கண்ணாடி மேல் நெற்றிக்கு நேராக விபூதிப் பட்டை ஸ்டிக்கர் வேறு!

"அண்ணே, இவர் சாது சுந்தர் சிங். ஏசு சாமியைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினவர்."

"காவி கட்டியிருக்காரே தங்கச்சி, நான் என்னத்தைக் கண்டேன்?"

கோபம் வரவில்லை. அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோதே இதே கூத்துதான். 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, அடுத்த மாதமே காவி உடுத்திக் கிளம்பினார். யாரோ சாமியார் என்று ஊரார் வரவேற்பார்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொன்னதும் விரட்டுவார்கள். பிறந்தது சீக்கியக் குடும்பம். சாதுவாக வேண்டும் என்ற ஆசையை விதைத்ததே அம்மாதான். காட்டில் இருந்த ஒரு சாதுவிடம் மகனைக் கூட்டிப் போவாராம். பிறகு லாகூரில் இறையியல் படிக்கப் போனவரிடம், வெள்ளைக்காரப் பாதிரி மாதிரி அங்கி போடு, ஊர் சுற்றாதே என்றார்கள். பிரசங்க உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிறிஸ்துவின் போதனை என்ற ஜீவத்தண்ணீரை இந்தியனுக்கு இந்தியப் பாத்திரத்தில் கொடு என்பது அவர் கட்சி. மதுரையில் இராபர்ட் தெ நோபிலி என்ற பாதிரியும் காவி கட்டினார்தான், 1606இல் வந்தவர். ஆனால் அவர் இத்தாலிக்காரர், அந்த உடையைத் தேடிப் போய் உடுத்தினார். சுந்தர் சிங்குக்கு அது அம்மா காட்டிய உடை. 1918-19இல் பர்மா, மலாயா, சீனா, ஜப்பான் என்று சுற்றியவர். 1929இல் திபெத்துக்குப் புறப்பட்டார், திரும்பவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். வேலை சுத்தம். மூலை நான்கிலும் இடுக்கே தெரியவில்லை. கறையான் அரித்த பின்பலகையை, நான் கேட்காமலே மாற்றியிருந்தார்.

"ஓமைக் கழற்றிடட்டா?" என்றார்.

கொஞ்சம் யோசித்தேன். சுந்தர் சிங் சின்ன வயதிலேயே கீதை படித்தவர், ஓங்காரம் கேட்டு வளர்ந்தவர். இருக்கட்டும் என்றேன். கடைக்காரர் விபூதியை மட்டும் பிளேடால் சுரண்டினார், கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். பன்னிரண்டு நாளுக்கு இன்னொன்று.