எஞ்சின் மாற்றிய மாருதி 800: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 1998ஆம் ஆண்டுக் கார்புரேட்டர் மாருதி 800-க்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் செல்லும் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்ததைக் கவனிக்காமல் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிய என் அலட்சியத்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் எஞ்சினையே மாற்ற நேர்ந்தது. அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்று பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைத்தது. வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அந்தப் பெயின்ட்தான் பிறகு எங்களைப் படுத்தியது.

இறக்கி ஏற்றும் வேலை ஒரே நாளில் முடிந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) ஒரு முனகலோடு எஞ்சினை அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. “பேட்டரிதான் போச்சு சார், புதுசு போட்டுருங்க” என்றார் மெக்கானிக். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கவே இல்லை. பேட்டரி பலவீனமாக இருந்தால் விளக்கு முதலில் மங்கியிருக்க வேண்டும். நாலைந்து முறை முயன்ற பிறகு தற்செயலாக ஆக்சிலரேட்டர் கேபிள்மீது கை பட்டது, சுட்டது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே ஒழுங்கான எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) இல்லாததால், செல்ஃப் இழுக்கும் மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தபோது 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் ஒயரின் முனை பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் அளவு 0.2 வோல்ட்டுக்கு இறங்கியது. புது பேட்டரிக்கான செலவும் மிச்சமானது.

இப்போது எஞ்சின் விறுவிறுவென்று சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கில் நல்ல நீல நிறப் பொறி வந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலும் வந்தது. ஆனாலும் சில சுற்றுகளுக்கு ஒருமுறை கார்புரேட்டர் வாயிலேயே ‘டப்’ என்று திருப்பி அடித்தது. பொறியும் பெட்ரோலும் இருந்து, எஞ்சின் திருப்பி அடித்தால், பொறி வரும் நேரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃபிளைவீலில் உள்ள டைமிங் குறி நான்கு ஸ்ட்ரோக் சுழற்சியில் இரண்டு முறை மேலே வரும், பெட்ரோல் கலந்த காற்றை அழுத்தும் கம்ப்ரெஷனின் முடிவில் ஒருமுறை, புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவில் ஒருமுறை. பொறி முதலாவதை ஒட்டித்தான் வர வேண்டும். குறி மட்டும் சரியாக இருந்ததைப் பார்த்து, இரண்டாவது நிலையில், பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருந்தோம்.

இதைக் கண்டுபிடிக்கச் சிறப்புக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லச் சுற்றினால், கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அப்படித் தள்ளிய சுற்றில் குறி வந்து நின்றபோது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே சுழலும் ரோட்டர் முதல் சிலிண்டருக்கான ஒயரைப் பார்க்காமல், இரண்டுக்கும் மூன்றுக்கும் நட்டநடுவே நின்றது. நான்கு சிலிண்டர் வண்டியாக இருந்திருந்தால் மூடியில் ஒயர்களை இடம் மாற்றியே சமாளித்திருக்கலாம். மூன்று சிலிண்டரில் முனைகள் 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால் அந்தக் குறுக்குவழி பலிக்காது. டிஸ்ட்ரிபியூட்டரை உருவி, ரோட்டர் முதல் ஒயருக்கு நேராக வரும்படி மாட்டி, சிலிண்டர்களுக்குப் பொறி போகும் 1-3-2 என்ற வரிசையைச் சரிபார்த்த பின், இரண்டாவது செல்ஃபிலேயே எஞ்சின் பிடித்தது.

எஞ்சின் எண் மாறியதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டோம். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்ததால் அந்த வேலை எளிதாக முடிந்தது.

அதன்பின் 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. பழைய எஞ்சினைவிட ஆயில் குறைவாகவே குடிக்கிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்களை அப்போதே மாற்றாதது என் தவறு. ஐடிலில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கி, ஓராண்டுக்குள் மீண்டும் கூலி கொடுத்து மாற்றவேண்டியதாயிற்று. இரண்டாம் மழைக்காலத்தில் செல்ஃப் மறுபடி சோம்பியபோது பேட்டரியை யாரும் குறை சொல்லவில்லை. எர்த் முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி கிரீஸ் தடவியதும் சரியானது.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. சித்திரை வெயிலில் நெடுந்தூரம் ஓட்டி வந்து நிறுத்தி, பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தால் எளிதில் பிடிப்பதில்லை. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் சூட்டில் ஆவியாகி உள்ளே நிறைந்துவிடுகிறது. அப்போது ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், முழுவதும் அழுத்திப் பிடித்தபடியே செல்ஃப் அடித்தால் நாலைந்து விநாடியில் கிளம்பிவிடுகிறது.