கதவுக் கீல் துளையிடும் ஜிக் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

சமையலறை அலமாரி, துணி அலமாரி ஆகியவற்றின் கதவுகளில் 35 மி.மீ. கிண்ணக் கீல் (கடைகளில் ஆட்டோ ஹிஞ்ச் என்று கேட்டு வாங்குவது) பதிப்பதற்கான துளையிடும் ஜிக்கை (துளை சரியான இடத்தில் விழும்படி டிரில் மெஷினின் பிட்டை வழிநடத்தும் கருவி) இணையத்தில் வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். படத்தில் கண்டபடியே தோற்றமளித்த ஒரு பெட்டி எனக்கு வந்து சேர்ந்தது. அதன் மேல் அச்சிட்டிருந்த அளவுகள் பொய்யானவை. அதன் விளைவாக மைக்கா ஒட்டி முடித்திருந்த கதவுகள் பாழாயின. விற்றவரோ, பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற பதிலையே முதலில் தந்தார்.

இந்தக் கருவியிடம் நாம் எதிர்பார்ப்பது மிகக் குறைவு. கதவின் விளிம்பிலிருந்து துளையின் விளிம்பு 3 முதல் 6 மி.மீ.க்குள் நாம் குறித்த தூரத்தில் நிற்க வேண்டும், துளை செங்குத்தாக இறங்க வேண்டும், இரண்டு திருகுத் துளைகளும் விளிம்புக்கு இணையாக விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் குறைவான வேலையில் பிசகுக்கு இடமில்லை. விளிம்புத் தூரம் 1 மி.மீ. கூடினால், கதவு பக்கப் பலகையை மூடும் அளவும் ஏறத்தாழ 1 மி.மீ. கூடிவிடும். கீலில் உள்ள பக்கவாட்டுத் திருகைக் கொண்டு சரிசெய்யக்கூடியது பொதுவாக இருபுறமும் 2 மி.மீ. அளவுதான். நான்கைந்து கீல்கள் தேவைப்படும் உயரமான துணி அலமாரிக் கதவில் ஒவ்வொரு கீலும் ஒவ்வொரு தூரத்தில் அமைந்தால், எந்தத் திருகைத் திருகினாலும் கதவு இழுத்துக்கொண்டுதான் நிற்கும்.

எனக்கு வந்த ஜிக்கில் விளிம்புத் தடுப்புகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி 3 முதல் 7 வரையிலான எண்ணில் நிறுத்த வேண்டும். இரண்டையும் 4-இல் நிறுத்தி, மிச்சமிருந்த பிளைவுட் துண்டில் சோதனைக்காகத் துளையிட்டு அளந்தபோது, ஒரு தடுப்பு 4-லும் மற்றொன்று 5.5-ஐ ஒட்டியும் நிற்பது தெரிந்தது. ஜிக் கோணலாக அமர்வதால் திருகுத் துளைகள் விளிம்புக்கு இணையாக விழவில்லை. அலுமினியக் கலவை என்று விளம்பரத்தில் எழுதியிருந்த உடற்பகுதி, வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக். கார்பைடு (எளிதில் தேயாத கடினப் பொருள்) முனை என்று சொல்லப்பட்ட பிட்டிலும் கார்பைடு இல்லை. உண்மையான கார்பைடு முனை, வெட்டும் விளிம்பில் தனித் துண்டாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பற்றவைத்த கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். எல்லா நிறுவனக் கீல்களுக்கும் பொருந்தும் என்ற வாக்கியமும் பொய்யே. திருகுத் துளைகளின் இடைவெளி ஹெட்டிச் கீல்களில் பெரும்பாலும் 52 மி.மீ., புளும் கீல்களில் 45 மி.மீ., வேறு பலவற்றில் 48 மி.மீ. என்று மாறுபடும். இந்த ஜிக்கில் இருந்தது 48 மட்டுமே.

சோதனைத் துண்டின் படங்களோடு அன்றே விற்றவருக்கு எழுதினேன். வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், எண்களைப் பொருட்படுத்தாமல் இரு தடுப்புகளையும் அளவுகோல் வைத்துச் சமன் செய்துகொண்டால் போதும், படத்தில் மரத்தூள் தெரிவதால் பொருளைத் திரும்பப் பெற இயலாது என்றார். அவர் சொன்னபடியே சமன் செய்தேன். தூரம் சரியாக வந்தது. ஆனால் பிட்டின் மேல் மாட்டி ஆழத்தைக் கட்டுப்படுத்தும் வளையமான காலரின் திருகு, எவ்வளவு இறுக்கியும், துளையிடும் அதிர்வில் இளகி மேலே நழுவியது. 18 மி.மீ. பலகையில் கிண்ணத்துக்குத் தேவையான ஆழம் ஏறத்தாழ 12 முதல் 13 மி.மீ.; எஞ்சுவது 5 அல்லது 6 மி.மீ. மட்டுமே. காலர் சற்று நழுவினாலும் பிட்டின் நடுமுனை மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். கதவின் முகப்பு மைக்காவில் விழுந்த அந்த ஓட்டையை எந்தப் பட்டி கொண்டும் மறைக்க முடியாது. கதவுகளையே மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு நேர்ந்த இழப்பு அந்தக் கதவுகளில்தான். ஜிக்கின் விலை அதன் முன் ஒன்றுமில்லை.

இங்கே விற்றவரின் தந்திரத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். துளையிட்டுப் பார்க்காமல் பழுது தெரியாது. துளையிட்டால் பயன்படுத்திய பொருளாகிவிடும். இந்த வாதத்தைக் கேட்டுப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, பழுதான பொருளையோ, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய பிறகே ஜிக்கின் விலை எனக்குத் திரும்பியது. கதவுகளுக்கான இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். அதற்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கு முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கு மனுக் கட்டணம் கிடையாது.

துளையிடாமலே பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தச்சு வேலையில் அனுபவமுள்ள ஒருவர் பின்னர் எனக்குக் காட்டியது. பலகையின் விளிம்பில் வெள்ளைத் தாளை ஒட்டி, ஜிக்கை அதன் மேல் வைத்து, பிட்டை மெஷினில் மாட்டாமல் கையால் ஜிக்கினுள் இறக்கி, நடுமுனையின் புள்ளி தாளில் பதியுமாறு மெல்ல அழுத்த வேண்டும். விளிம்பிலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள தூரம், நாம் வைத்த எண்ணோடு 17.5 (35 மி.மீ. விட்டத்தில் பாதி) சேர்ந்ததாக இருக்க வேண்டும். 4 வைத்தால் 21.5. திருகுத் துளைகளின் வழியாகவும் கூர்மையான ஆணியால் குறியிட்டு, இரண்டும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிட்டின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடலாம். 35-ஐத் தாண்டிப் பெருத்திருந்தால் கிண்ணம் துளையில் ஆடும், கதவின் பாரம் முழுவதும் இரண்டு சிறு திருகுகளின் மேல் விழும். காலரை இறுக்கியபின் பிட்டைப் பிடித்துக்கொண்டு காலரைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அதை நம்பாதீர்கள்.

இதே வகை ஜிக்கை வாங்கி இன்னும் வேலையில் இறக்காதவர்கள், பெட்டியைத் திறப்பதிலிருந்து இந்த அளவுகளை எடுப்பது வரை வீடியோ எடுத்து வைத்து, அளவு தவறியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் அப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அலுமினியம், கார்பைடு என்ற இரு சொற்களும் நீக்கப்பட்டுவிட்டன.