முதல் பழங்கடிகாரத்துக்கு எச்.எம்.டி. ஜனதா

பழைய கைக்கடிகாரம் ஒன்றை முதன்முதலாக வாங்க நினைப்பவர், கையில் சில ஆயிரம் ரூபாய் மட்டுமே இருக்குமானால், சுவிஸ் பெயர்களைத் தேடி அலைவதைவிட எச்.எம்.டி. ஜனதாவைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய இந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் மாடல்களில் மிகப் பரவலாகப் புழங்கியவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே உதிரி பாகங்களும், இதைப் பிரித்து மாட்டிப் பழகிய கைகளும் இன்றும் கிடைக்கின்றன.

17 ஜுவல் (உள்ளே உராய்வைக் குறைக்கும் சிறு கற்கள்) கொண்ட இதற்குப் பேட்டரி கிடையாது; தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அப்போது விரல் நுனியில் உணரும் கறகறப்பு சீராக இருந்து, சிறிது சிறிதாக இறுகி நிற்பது நல்ல அடையாளம். நாளுக்கு அரை நிமிடம் முன்பின்னாக ஓடினால் நான் குறைசொல்ல மாட்டேன்.

உண்மையில் கவனிக்க வேண்டியது டயலைத்தான். இணையத்தில் மலிவாக விற்கப்படுபவற்றில் பல, புதிதாக வண்ணம் பூசப்பட்டவை. எழுத்துகளின் விளிம்பு பிசிறடித்திருந்தாலோ, நிமிடக் கோடுகள் ஒழுங்கற்று நின்றாலோ, மேலுறை தேய்ந்திருக்க டயல் மட்டும் கண்ணைப் பறித்தாலோ சந்தேகப்படலாம். மங்கிப் புள்ளி விழுந்த அசல் டயலே எனக்கு மேல். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தின் படத்தைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசுவதே வீண்.

இது தண்ணீருக்கு ஆகாது. கண்ணாடி அக்ரிலிக் என்பதால் எளிதில் கீறல் விழும். ஆனால் மெருகேற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும். வாங்கும் தொகையோடு, சுத்தம் செய்து எண்ணெய் இடுவதற்கான கூலியையும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.