ஒரே தொகையா, கெல்லியா, கைமுதலில் ஒரு பங்கா? கால்பந்து எக்ஸ்சேஞ்சில் ஸ்டேக் கணக்கு

என் அண்ணன் மகன் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறான். பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் கால்பந்து ஆட்டங்களை டிரேட் செய்கிறான். அங்கே அது சட்டப்படி நடப்பது. உரிமம் கொடுக்கவும் கண்காணிக்கவும் சூதாட்ட ஆணையம் ஒன்று இருக்கிறது. நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அதே ஆட்டங்களுக்கு ஏட்டில் மட்டும் கணக்குப் போடுகிறேன், பைசா வைப்பதில்லை. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ஒரு பக்கமும், ஒன்றிய அரசின் 2025 ஆம் ஆண்டு இணையவழி விளையாட்டுச் சட்டம் மறுபக்கமும் நிற்க, இங்கே அதற்கு வழி கிடையாது. வி.பி.என். போட்டு உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கணக்கு முடக்கப்பட்டால் பணத்தைக் கேட்டுப் போக ஒரு வாசல்படி கூட இருக்காது.

வங்கியில் வட்டிக் கணக்குப் பார்த்தே வயதான எனக்கு, இந்தத் தொழிலில் பிடித்த பகுதி ஸ்டேக், அதாவது பந்தயத்தில் வைக்கும் தொகை, அதன் கணக்குதான். எந்த அணி ஜெயிக்கும் என்பதைப் பற்றிப் பேச ஊர் முழுக்க ஆள் உண்டு. உவரி, இடிந்தகரைப் பக்கம் போனால் சின்னப் பையன்கூட ஆர்சனலின் பின்கள ஓட்டையை விளக்குவான். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு வைப்பது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். அதற்கு மூன்று முறைகளை வைத்துப் பார்த்தோம்: எல்லா ஆட்டத்துக்கும் ஒரே தொகை, கெல்லி சூத்திரம், கைமுதலில் நிலையான ஒரு சிறு பங்கு. கடைசியில் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் பற்றிச் சுருக்கமாக. 2000 இல் பெட்ஃபேர் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. எதிரில் இருப்பது நிறுவனம் இல்லை, நம்மைப் போல இன்னொரு ஆள். ஒன்று நடக்கும் என்று பணம் வைப்பது பேக், நடக்காது என்று வைப்பது லே. விலை 3.5 என்றால், பேக் செய்த ஒரு பவுண்டு ஜெயித்தால் போட்டதையும் சேர்த்து 3.5 பவுண்டாகத் திரும்பும். விலை மாறும்போது, பேக் செய்ததை லே செய்தோ லே செய்ததைப் பேக் செய்தோ நடுவிலேயே வெளியேறலாம். நிகர லாபத்தில் நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். நான் எல்லாக் கணக்கிலும் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன், இடத்துக்கு இடம் அது மாறும். தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைக்கிற முறையைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அது முறையே இல்லை.

ஒரே தொகை முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மண்டையைக் குழப்பாது. 1,000 பவுண்டு கைமுதல், ஆட்டத்துக்கு 20 பவுண்டு, முடிந்தது கதை. பேக் மட்டும் செய்கிறவருக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். லே பக்கம் போனால்தான் வேஷம் கலைகிறது. டிரா ஆகாது என்று 3.5 விலையில் 20 பவுண்டுக்கு லே செய்தால், டிரா ஆகாவிட்டால் வருவது 20, டிரா ஆனால் போவது 50 பவுண்டு. பலவீனமான அணி ஜெயிக்காது என்று 8.0 விலையில் அதே 20 பவுண்டுக்கு லே செய்தால் போவது 140. ஸ்டேக் பெட்டியில் மூன்று தடவையும் 20 என்றுதான் இருக்கும். அதனால் எங்கள் ஏட்டில் ஸ்டேக் என்ற பத்தியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ‘தோற்றால் எவ்வளவு’ என்ற பத்தியை முதலில் வைத்தோம். டிரேடர்கள் இதை லயபிலிட்டி என்பார்கள். விலையிலிருந்து ஒன்றைக் கழித்து ஸ்டேக்கால் பெருக்கினால் லே லயபிலிட்டி வந்துவிடும்.

இனி கெல்லி. பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956 இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. உன் கணிப்புக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி எவ்வளவோ அதற்குத் தக்கபடி வை, முதல் நீண்ட நாளில் மிக வேகமாக வளரும் என்கிறது. கணிதத்தில் குறையே கிடையாது. பையனுக்கும் அதில்தான் கண்.

“சித்தப்பா, கெல்லி போட்டா முதல் மத்த எல்லாத்தையும் விட வேகமாப் பெருகும்லா?”

“பெருகும்லே. உன் கணிப்பு சரியா இருந்தா.”

அந்த ‘இருந்தா’தான் முழு விஷயமும். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு ஆட்டத்தை ஆராய்வது எப்படி? சொந்த மைதான அணி சராசரியாக எத்தனை கோல் போடும், வந்த அணி எத்தனை போடும் என்று இரண்டு எண்களை முதலில் பிடிக்கிறோம். அதைப் பாய்சான் பரவல் என்ற புள்ளியியல் சூத்திரத்தில் போட்டால் ஒவ்வொரு ஸ்கோருக்கும் சாத்தியம் கிடைக்கும். கூட்டினால் வெற்றி, டிரா, தோல்வி. 0-0, 1-1 மாதிரி குறைந்த ஸ்கோர்களில் இந்தப் பரவல் கொஞ்சம் பிசகும் என்று டிக்சன், கோல்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1997 இல் ஒரு திருத்தம் கொடுத்தார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, எல்லாமே அந்த இரண்டு எண்களின் மேல்தான் நிற்கிறது.

சொந்த அணிக்கு 1.5, வந்த அணிக்கு 1.1 என்று எடுத்துக்கொள்வோம். திருத்தம் இல்லாமல் சொந்த அணி ஜெயிக்கும் சாத்தியம் சுமார் 46 சதவீதம் வரும். 1.5 ஐ 1.4 ஆக்குங்கள். 44 க்கு இறங்கிவிடும். 1.3 ஆக்கினால் 41. பத்தில் ஒரு கோல் மாறினாலே இரண்டரை சதவீதப் புள்ளி நகர்கிறது. சரி, பத்தில் ஒரு கோல் அளவுக்குத் துல்லியமாக யாரால் கணிக்க முடியும்? கடைசி பத்து ஆட்டங்களின் கோல் சராசரியை எடுத்தால், அதில் 0.4 கோல் அளவுக்குப் பிசகு இருப்பது இயல்பு. வாய்ப்பின் தரத்தைக் கணக்கிடும் எக்ஸ்.ஜி. எண்களை எடுத்தால் பிசகு குறையும், ஆனால் 0.1 க்குள் அடங்காது. மையமுன்கள ஆட்டக்காரர் காயம், நடுவாரத்தில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் ஆடிய களைப்பு, புதிய பயிற்சியாளர் என்று ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தள்ளிவிடும்.

லீகே கூட ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. பிரீமியர் லீக்கில் 2023-24 சீசனில் 1,246 கோல், ஆட்டத்துக்கு 3.28. அடுத்த சீசனில் அது 2.93 ஆக இறங்கிவிட்டது. பழைய சராசரியை வைத்துக் கோல் எண்ணிக்கைச் சந்தையில் ஆடியவர்களுக்கு அந்த ஆவணி, புரட்டாசி எப்படிப் போயிருக்கும்! 2020-21 இல் பெரும்பாலும் காலி மைதானங்களில் ஆடியபோது வந்த அணிகள் 153 ஆட்டங்களும் சொந்த அணிகள் 144 ஆட்டங்களும் ஜெயித்தன. சொந்த மைதானத்துக்கு இவ்வளவு கூட்டு என்று வழக்கமாகச் சேர்த்த எண் அந்த ஆண்டு செல்லவில்லை.

இப்போது அந்த 46, 44 ஐ கெல்லியில் போடுவோம். சந்தையில் சொந்த அணிக்கு விலை 2.4. கமிஷன் போக, ஜெயித்தால் பவுண்டுக்குக் கையில் நிற்கும் லாபம் 1.33. நம் கணிப்பு 46 என்றால் கெல்லி 1,000 பவுண்டில் 54 வைக்கச் சொல்லும். உண்மைச் சாத்தியம் 44 என்றால் அதே கெல்லி சொல்லியிருக்க வேண்டியது 19 தான். இரண்டு புள்ளிப் பிசகுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தொகை. கமிஷனைச் சேர்த்தால் வித்தியாசம் இப்படி ஊதிப்போவதைப் பலர் கவனிப்பதில்லை. விலையில் இருக்கிற நம் லாப இடைவெளியே மெலிசு, கமிஷன் அதில் 46 என்றால் மூன்றில் ஒரு பங்கையும், 44 என்றால் பாதிக்கு மேலும் தின்றுவிடும்.

இதில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. 44 சதவீதத்திலும் அந்தப் பந்தயம் லாபப் பந்தயம்தான், ஏனென்றால் கமிஷனோடு சமன்படும் புள்ளி 43 க்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் கைமுதலில் 5.4 சதவீதம் வைத்துக்கொண்டே போனால், நீண்ட நாளில் முதல் தேயும். சரியான அளவுக்கு இரண்டு மடங்கைத் தாண்டினால் கெல்லியின் வளர்ச்சி எதிர்மறையாகிவிடும். அணியைச் சரியாகக் கண்டுபிடித்து, விலையையும் சரியாகப் பிடித்து, தொகையில் மட்டும் அகலக்கால் வைத்ததால் நஷ்டம். ஏட்டில் இதைப் போட்டுப் பார்க்கும்வரை பையன் நம்பவில்லை.

மூன்றாவது முறைக்கு வருகிறேன். தோற்றால் போகிற தொகை, அன்றைய கைமுதலில் ஒன்றரை சதவீதம். பேக் ஆனாலும் லே ஆனாலும் அதுதான். 1,000 பவுண்டுக்கு 15. மேலே சொன்ன 2.4 விலையில் 15 பவுண்டு பேக். டிராவை 3.5 இல் லே செய்தால் ஸ்டேக் 6 பவுண்டு மட்டும், லயபிலிட்டி 15. உண்மை 46 ஆக இருந்தால் கெல்லி ஆசாமியை விட மெதுவாக வளர்வோம். அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். 44 ஆக இருந்தாலும் வளர்வோம், அவர் தேய்வார். 41 ஆக இருந்தால் இருவருக்கும் நஷ்டம், நமக்கு மெதுவாக. கைமுதல் என்பது விதைநெல். கார் பொய்த்தாலும் பிசானத்துக்கு விதைக்கக் கொஞ்சம் குதிரில் இருக்க வேண்டும்.

தொடர் தோல்விக் கணக்கையும் பாருங்கள். 44 சதவீதம் ஜெயிக்கிற ஒருவருக்கு, 200 பந்தயங்களுக்குள் எங்காவது எட்டு தோல்வி வரிசையாக வருவதற்குப் பாதிக்குச் சற்று மேலேயே வாய்ப்பு. ஆகவே அது வந்தால் முறை கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. அந்த எட்டில் 5.4 சதவீதக்காரருக்குக் கைமுதலில் 36 சதவீதம் போயிருக்கும், நமக்கு 11. ஒரே தொகைக்காரருக்கு 160 பவுண்டு போயிருக்கும், அதுவும் பேக் மட்டும் செய்திருந்தால். 36 சதவீதம் போன பிறகு அடுத்த சனிக்கிழமை நிதானமாக ஆராய்ச்சி செய்கிற மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆட்டத்தின் நடுவே வெளியேறிவிடலாமே, முழு லயபிலிட்டியையும் ஏன் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். டிராவை 3.5 இல் 100 பவுண்டுக்கு லே செய்கிறோம். பலமான அணி கோல் போட்டு டிரா விலை 5 க்கு ஏறினால் 70 பவுண்டுக்குப் பேக் செய்து, எது நடந்தாலும் 30 பவுண்டு என்று பூட்டிவிடலாம். கமிஷன் போக 28.50. கோலே இல்லாமல் விலை 2 க்கு இறங்கினால் 175 பேக் செய்து 75 நஷ்டத்தோடு கிளம்பலாம். ஆக, நஷ்டம் 75 தான், 250 அல்ல என்று நினைத்து ஸ்டேக்கை மூன்று மடங்காக்குகிறவர்கள் உண்டு. கோல் விழுந்ததும் சந்தை நிறுத்தி வைக்கப்படும், திறக்கும்போது விலை வேறு இடத்தில் நிற்கும். 1-0 இல் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருக்கும்போது எண்பதாவது நிமிடத்தில் சமன் கோல் விழுந்தால், நினைத்த விலையில் வெளியேற ஆள் இருக்க மாட்டார். பங்குச் சந்தை மாதிரி ஸ்டாப் லாஸ் போட்டுத் தூங்க முடியாது. அதனால் முழு லயபிலிட்டிதான் எங்கள் கணக்கு. நடுவில் தப்பித்தால் அது உபரி.

பார்த்து டிரேட் செய்வதில் ஒரு வேடிக்கை. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் கால்பந்து நேரலை ஒளிபரப்பு கிடையாது, ஆட்கள் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக வெகுகாலமாக இருக்கிற கட்டுப்பாடு. மைதானத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிற பையன் மூன்று மணி ஆட்டத்தை வீட்டில் பார்க்க முடியாது, இங்கே நான் இரவு ஏழரைக்கு, மார்கழியில் என்றால் எட்டரைக்கு, சோறு உண்டுகொண்டே பார்க்கலாம். ஆனால் செயலியில் வரும் படம் மைதானத்தை விடப் பல நொடிகள் பிந்தி வரும். எனக்குக் கோல் தெரியும் முன்னே அவன் திரையில் சந்தை நின்றுவிட்டிருக்கும். அதனால் ஆட்டத்துக்கு முன் ஆராய்ந்து வைப்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். ஒன்றிரண்டு டிக்குக்காக (விலை நகரும் மிகச் சிறிய படி) நொடி நொடியாக உள்ளே வெளியே போகும் ஸ்கால்ப்பிங் வேலையில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே இந்த ஒன்றரை சதவீதம் பொருந்துமா என்பதில் என் வாக்கை ரொம்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழ்நிலை லீக்குகளிலும் அப்படித்தான். பணம் மெலிதாகக் கிடக்கிற சந்தையில் விலையே நம்பத் தகுந்ததாக இருக்காது.

கெல்லி கட்சிக்காரர்கள் கால் கெல்லி வைத்தால் என்ன என்பார்கள். 54 இல் கால் பங்கு 13.50, எங்கள் 15 க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உண்மையில் பெரிய சண்டை இல்லை. அனுபவமுள்ளவர் கால் கெல்லி வைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு நிலையான பங்கு பிடிப்பதற்குக் காரணம், நம் ஆசை அந்தத் தொகைக்குள் நுழைய முடியாது என்பதுதான். கெல்லியில் கணிப்பை 46 லிருந்து 48 ஆக்கிவிட்டால் தொகை தானாக ஏறும், பிடித்த அணி என்றால் கை தானாக 48 போடும்.

ஆனாலும் கெல்லியைத் தூக்கிப் போடவில்லை. ஏட்டில் அதற்கு ஒரு பத்தி இருக்கிறது. அது ஒன்றரைக்குக் கீழே சொன்னால் நாங்களும் இறங்கிவிடுவோம். ஐந்துக்கு மேலே போனால் வைக்க மாட்டோம், முதலில் அணிப் பட்டியலைத் திரும்பப் பார்ப்போம். பிரீமியர் லீக் மாதிரி பணம் புரளும் சந்தையில் அவ்வளவு பெரிய இடைவெளி தெரிகிறது என்றால், பெரும்பாலும் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்ற செய்தி எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.