முதல் ட்ரையத்லானுக்கு முன் ஒரு ஃபுல் சர்வீஸ்: சேலம் கடையின் வேலை எப்படி?

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரின்ட் ட்ரையத்லான் இவ்வளவுதான். முதல்முறை இறங்குபவர்கள் நீச்சலை நினைத்தே பயந்துகொண்டிருப்பார்கள். சைக்கிளைக் காற்றடித்து எடுத்துப் போய்விடலாம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இந்த மூன்றில் நடுவழியில் பழுதாகக்கூடியது சைக்கிள் ஒன்றுதான். அதனால் சேலம் டவுனில் கியர் சைக்கிள் பார்க்கும் ஒரு சிறிய கடையின் ஃபுல் சர்வீஸை, ட்ரையத்லானுக்குப் போதுமா என்ற ஒரே கேள்வியோடு பார்த்தோம். கொடுத்தது ரிம் பிரேக், 28 மி.மீ. டயர், முன்னால் இரண்டு பின்னால் எட்டுப் பல்சக்கரம் உள்ள சாதாரண ரோடு சைக்கிள். மூன்றாம் நாள் மாலை கைக்கு வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பைக்குக்கு அடிப்பதுபோல் பிரஷரில் தண்ணீர் அடிக்கவில்லை. அப்படி அடித்தால் ஹப்பிலும் பெடல் அச்சிலும் இருக்கும் கிரீஸ் கழன்று தண்ணீர் உள்ளே போய்விடும். பேரிங் சில வாரத்தில் கரகரக்கத் தொடங்கும். இங்கே வாளித் தண்ணீர், பிரஷ், துணி. அவ்வளவுதான் தேவை.

பிரேக் வேலை இந்தக் கடையின் பலம். பிரேக் கட்டைகளைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ரப்பருக்குள் புதைந்திருந்த அலுமினியத் துகள்களை ஊசியால் ஒவ்வொன்றாக நெண்டி எடுத்தார் மெக்கானிக். இந்தத் துகள்கள்தான் பிரேக் பிடிக்கும்போது ரிம்மை அரம்போல் அராவுகின்றன. பிறகு மேல்பரப்பை உப்புத்தாளில் தேய்த்து, கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மி.மீ. முந்தி ரிம்மைத் தொடும்படி பூட்டினார். கீச்சென்ற சத்தம் வராமல் இருக்க இதுதான் வழி. கட்டை டயரில் உரசவில்லை என்பதையும் நான்கு பக்கமும் பார்த்தார்.

செயினையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தார். ஒரு பின் மையத்திலிருந்து வைத்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின் மையம் வரும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போனால் மாற்றிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் தேய்ந்துவிடும். அதன்பிறகு புதுச் செயின் மாட்டினாலும் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். வீல் பெண்டும் சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தது.

குறை கியரில் இருந்தது. ஸ்டாண்டில் தூக்கி வைத்துக் கையால் பெடலைச் சுற்றியபோது எட்டுக் கியரும் பிசிறில்லாமல் விழுந்தன. ஏற்காடு அடிவாரத்தைத் தாண்டி ஏற்றத்தில் எடையைப் போட்டு மிதித்ததும் பெரிய இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே செயின் தாவத் தொடங்கியது. காரணம், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின் டிரெயிலரை (derailleur) தாங்கும் ஹேங்கர் லேசாக உள்பக்கம் வளைந்திருந்ததுதான். கடையில் அதைப் பார்க்காமல் கேபிளை மட்டும் இழுத்துச் சரிக்கட்டியிருந்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஹேங்கர் வளைந்து, டிரெயிலர் உள்பக்கம் எல்லை மீறாமல் தடுக்கும், எல் என்று குறித்த ஸ்க்ரூவும் தளர்வாக இருந்தால், செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி போக்ஸ் கம்பிக்குள் விழும். டிரெயிலர் முறிந்தால் போட்டி அங்கேயே முடிந்தது. திரும்பக் கொண்டுபோனபோது மறுபேச்சில்லாமல், வளைவை அளந்து நிமிர்த்தும் கருவியான ஹேங்கர் கேஜ் மாட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள். தனியாகக் காசு வாங்கவில்லை. ஆனால் கேஜ் கடையிலேயே இருக்கும்போது முதல் தடவையே மாட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

எனவே வண்டியை வாங்கிய கையோடு அடிவாரம் போய், முதல் மூன்று நான்கு கொண்டை ஊசி வளைவு வரையாவது ஏறி இறங்குங்கள். சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறும் சாலை அது; சமவெளியில் ஒளிந்திருக்கும் பழுதெல்லாம் அங்கே வெளிவந்துவிடும். இறங்கும்போது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள்.

டயரில் காற்று, பக்கவாட்டில் அச்சிட்டிருந்த உச்ச அளவுக்கே அடித்திருந்தது. 28 மி.மீ. டயருக்கு 70 கிலோ ஆள் என்றால் பின்னால் 75 பிஎஸ்ஐ, முன்னால் 70 போதும். அதிகமாக அடித்தால் வேகம் கூடாது. சாலையின் அதிர்வு முழுக்கக் கைக்கும் இடுப்புக்கும் வரும், அடுத்து ஓட வேண்டிய உடம்பு அது. போட்டியில் சைக்கிள்கள் வெயிலில் வரிசையாக நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 25 டிகிரியில் அடித்த 100 பிஎஸ்ஐ, டயர் 45 டிகிரிக்குச் சூடானால் 107ஐத் தாண்டும்.

ஹேண்டில்பாரின் வலது முனையில் மூடி இல்லை. அது கடைக்காரர் கண்ணில் படவில்லை. திறந்த குழாய் முனை, விழும்போது சதையைக் குடைந்துவிடும். ட்ரையத்லான் விதிப்படி இரு முனையும் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்-இன்னிலேயே நிறுத்துவார்கள். சில ரூபாய் பொருள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் டியூப் கேட்டதற்குத் தடித்த ஷ்ரேடர் வால்வு உள்ளதைக் கொடுத்தார்கள். ரிம்மில் இருந்ததோ மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான 6.5 மி.மீ. துளை, அதில் ஷ்ரேடர் நுழையவே நுழையாது. பாக்கெட்டைப் பிரித்து, வால்வைத் துளையில் விட்டுப் பார்த்தபிறகே கிளம்புங்கள்.

சீட் உயரத்தைப் பற்றி அவர்களாக எதுவும் கேட்கவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் தொடை சீக்கிரம் சோர்ந்து, இறங்கி ஓடும் முதல் கிலோமீட்டர் கல்லைக் கட்டி இழுப்பதுபோல் இருக்கும்.

புதுக் கேபிள் மாட்டினால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் சற்றே இளகும், கியர் மறுபடி பிசகும். அதனால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே சர்வீஸுக்கு விடுங்கள். மறு டியூனிங் சேர்த்தா என்று விடும்போதே கேளுங்கள். இங்கே சேர்த்துத்தான். கூடவே பெடல் மரைகளில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது பெடலைக் கழற்ற வேண்டிவரும். கிரீஸ் இல்லாத பெடல் 15 மி.மீ. ஸ்பேனருக்கு அசையாது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பெட்டியில் படுக்க வைக்கும்போது டிரெயிலர் பக்கம் மேலே இருக்கட்டும்; இல்லையென்றால் நிமிர்த்திய ஹேங்கர் மறுபடி வளைந்துவிடும்.